செல் பாடத்தில் காணொளி முதலா, நுண்ணோக்கி முதலா?

கேள்வி: தடப்பள்ளி வாய்க்கால்

அனைவருக்கும் வணக்கம். கோபிசெட்டிபாளையத்தை அடுத்த ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் பதினோராம் வகுப்புக்குத் தாவரவியல் எடுக்கிறேன். வகுப்பறைக்குத் திறன்பலகை வந்த பிறகு, செல்லின் அமைப்பையும் செல் பகுப்பையும் சாக்பீஸால் வரைந்து காட்டுவதை நான் ஏறத்தாழ நிறுத்திவிட்டேன். பாடநூலில் உள்ள க்யூஆர் குறியீட்டின் வழியாகவும் இணையத்திலிருந்தும் எடுத்த அசைவூட்டக் காணொளிகளைப் போட்டு, இடையிடையே விளக்கம் சொல்வதே என் வழக்கம். பிள்ளைகள் கண் இமைக்காமல் பார்க்கிறார்கள். மணி அடித்த பிறகும் இன்னொரு முறை போடச் சொல்கிறார்கள். பாடம் நன்றாகப் போய்ச் சேர்ந்துவிட்டது என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

சென்ற வாரச் செய்முறை வகுப்பில் வெங்காயத் தோலை உரித்து, சாஃப்ரனின் சாயம் இட்டு, நுண்ணோக்கியில் வைத்துக் காட்டினேன். வழக்கமாக முன்வரிசையில் அமரும் ஒரு மாணவி நெடுநேரம் குனிந்து பார்த்துவிட்டு, "மிஸ், மைட்டோகாண்ட்ரியா எங்கீங்க? வீடியோல ஆரஞ்சு கலர்ல சுத்திக்கிட்டே இருந்துச்சுங்களே. இதுல செங்கல்லு அடுக்குனாட்ட கட்டம் கட்டமாத்தான் தெரியுதுங்க. மைக்ராஸ்கோப் கெட்டுப்போச்சுங்களா?" என்று கேட்டாள். வகுப்பு முழுவதும் அவள் பக்கம்தான் நின்றது. அதே வாரத்துச் சிறுதேர்வில், செல் பகுப்பில் குரோமோசோம்கள் நடுவே வரிசையாக நிற்கும் மெட்டாஃபேஸ் நிலை எவ்வளவு நேரம் நீடிக்கும் என்ற கேள்விக்குப் பலர் "நான்கில் ஒரு பங்கு" என்று எழுதியிருந்தார்கள். நான் காட்டிய காணொளியில் நான்கு நிலைகளுக்கும் ஒரே அளவு நேரம் ஒதுக்கியிருந்ததை எண்ணிப் பார்த்த பிறகுதான் அந்த விடை எங்கிருந்து வந்தது என்பது எனக்கு விளங்கியது.

பிள்ளைகளே கேள்வி கேட்டு விடை தேடும் வினாவழிக் கற்றல் என்று பணியிடைப் பயிற்சிகளில் சொல்கிறார்கள். ஆனால் 38 பிள்ளைகள், 4 நுண்ணோக்கிகள், 45 நிமிடப் பாடவேளை என்ற கணக்குக்குள் அதை எப்படிக் கொண்டுவருவது? காணொளியை முதலில் போடுவதா, நுண்ணோக்கியை முதலில் காட்டுவதா? அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

மறுமொழி 1: காலிங்கராயன் கரை

ஆசிரியை அவர்களுக்கு, ஈரோட்டில் கல்லூரித் தாவரவியல் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். நுண்ணோக்கி கெட்டுப்போய்விட்டதா என்று கேட்ட அந்தப் பெண்ணின் கேள்வியை விட நல்ல தொடக்கம் இந்தப் பாடத்துக்குக் கிடைக்காது. அதற்கு உடனே விடை சொல்லிவிட்டீர்களானால் ஒரு நல்ல வாய்ப்பைக் கைநழுவ விட்டீர்கள் என்று பொருள். சொல்லாமல் இருந்தால் இன்னும் காலம் கடந்துவிடவில்லை.

செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவின் குறுக்களவு அரை மைக்ரானிலிருந்து ஒரு மைக்ரான் வரை இருக்கும்; ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தனிச் சாயம் ஏற்றாவிட்டால் அது கண்ணாடிபோல் ஒளியை ஊடுருவ விடும். பள்ளி நுண்ணோக்கியில் தெரியாமல் போவது இயல்பு. காணொளியின் ஆரஞ்சு நிறம் வரைந்தவர் தேர்ந்தெடுத்தது. அடுத்த வகுப்பில், "ரைபோசோமின் நிறம் என்ன?" என்று மட்டும் கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்து பாருங்கள். ஊதா என்பார்கள், சிவப்பு என்பார்கள், பாடநூலைப் புரட்டுவார்கள். செல்லுக்குள் புரதத்தை உருவாக்கும் ரைபோசோமின் அளவு ஏறத்தாழ 25 நானோமீட்டர், அதாவது ஒரு மைக்ரானில் நாற்பதில் ஒரு பங்கு. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளமோ 400 முதல் 700 நானோமீட்டர். ஒளியலையை விட இத்தனை சிறிய பொருளைப் பற்றி அது என்ன நிறம் என்று கேட்பதற்கே இடமில்லை. அந்த இடத்துக்குப் பிள்ளைகள் தாமாக வந்து சேர்ந்துவிட்டால், அதற்குப் பிறகு எந்தக் காணொளியையும் முன்புபோல் வாயைப் பிளந்துகொண்டு பார்க்க மாட்டார்கள்.

செல் பகுப்புக்கு நான் பல ஆண்டுகள் கையாண்ட முறையைச் சொல்கிறேன். தாராபுரம், பல்லடம் பக்கத்துச் சின்ன வெங்காயமே போதும். அதற்கும் பெரிய வெங்காயத்துக்கும் குரோமோசோம் எண்ணிக்கை 16 தான். காய்ந்த பழைய வேர்களைச் சுரண்டி எடுத்துவிட்டு, அடிப்பகுதி மட்டும் நீரைத் தொடுமாறு கண்ணாடிக் குவளை வாயில் உட்கார வைத்தால் மூன்றாம் நாள் வெள்ளை வேர்கள் விரலிடை நீளத்துக்கு இறங்கியிருக்கும். காலையில் நுனிகளை வெட்டி, ஒரு பங்கு அசிட்டிக் அமிலமும் மூன்று பங்கு ஆல்கஹாலும் கலந்த கரைசலில் ஒரு நாள் போட்டு வைத்துவிட்டு, பிறகு 70 விழுக்காடு ஆல்கஹாலுக்கு மாற்றிவிட்டால் செய்முறை வகுப்பு வரும்வரை கெடாது. குரோமோசோம்களுக்கு நிறமேற்றும் அசிட்டோகார்மைன் சாயத்துடன் சில துளி நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்து இளஞ்சூடு காட்டி, நுனியில் ஒன்றிரண்டு மில்லிமீட்டரை மட்டும் வெட்டி ஸ்லைடில் வைத்து, மேலே கவர் ஸ்லிப்பையும் ஒற்றுத்தாளையும் வைத்துப் பென்சிலின் பின்முனையால் மெதுவாகத் தட்ட வேண்டும். அழுத்திவிட்டால் கவர் ஸ்லிப் உடையும், பயந்து தட்டினால் செல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். இரண்டு மூன்று ஸ்லைடு வீணானால்தான் கைப்பக்குவம் வரும்.

நுண்ணோக்கியில் கண் வைப்பதற்கு முன்னால் ஒவ்வொருவரும் தம் நோட்டில் ஒரு வரி எழுத வேண்டும்: 100 செல்களை எண்ணினால் எந்தெந்த நிலையில் எத்தனை இருக்கும்? காணொளியை நம்பியவர்கள் 25, 25 என்று எழுதுவார்கள். பிறகு எண்ணச் சொல்லுங்கள். பெரும்பாலான செல்கள் பகுப்புக்கு இடைப்பட்ட இடைக்கால நிலையில் உருண்டை உட்கருவோடு சும்மா இருப்பதுபோல் தெரியும். மெட்டாஃபேஸைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். ஏன் இப்படி என்று அவர்களே கேட்பார்கள். தெருவில் போகிறவர்களை ஒரே ஒரு முறை புகைப்படம் எடுத்தால், நெடுநேரம் நிற்பவர்களே அதிகமாகப் படத்தில் விழுவார்கள், ஓடிக் கடப்பவர்கள் ஒருவரோ இருவரோ விழுவார்கள் என்று நான் விளக்குவதுண்டு. செல்களின் எண்ணிக்கை அந்தந்த நிலை நீடிக்கும் நேரத்தைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. மனித செல் ஒன்று ஏறத்தாழ 24 மணி நேரத்தில் ஒரு சுற்றை முடிக்கும்போது, பகுப்புக்குச் செலவிடுவது ஒரு மணி நேரம்தான் என்ற பாடநூல் வரி அப்போதுதான் அவர்களுக்கு உயிர் பெறும்.

இவ்வளவும் முடிந்த பிறகு காணொளி. அதையும் ஒலியை நிறுத்திவிட்டுப் போடுங்கள். பெரும்பாலானவை ஆங்கில வர்ணனையோடு வருகின்றன. தமிழ்வழிப் பிள்ளைகள் காதில் விழுவதை மொழிபெயர்ப்பதா, கண்ணில் படுவதைப் புரிந்துகொள்வதா என்று தடுமாறுகிறார்கள். பின்னணி இசையும், பேசுவதையே திரையில் எழுத்தாகவும் ஓடவிடுவதும் கற்றலுக்கு உதவாமல் இடைஞ்சலாகின்றன என்று ரிச்சர்ட் மேயர் என்ற அமெரிக்க உளவியலாளர் பல்லாண்டுச் சோதனைகளில் காட்டியிருக்கிறார். துண்டு துண்டாக நிறுத்தி, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு மாணவரே வர்ணனை சொல்லட்டும். தவறாகச் சொன்னால் பக்கத்தில் இருப்பவர் திருத்துவார்; நீங்கள் திருத்த வேண்டியது மிகக் குறைவாகவே இருக்கும்.

மறுமொழி 2: சங்ககிரி மலைக்கோட்டை

மூத்தவர் சொல்வதை மதிக்கிறேன். ஆனாலும் ஒரு மாற்றுக் கருத்தைப் பதிவு செய்யாமல் போக மனம் வரவில்லை. நானும் இதே பாடத்தை ஒரு தனியார் பள்ளியில் எடுக்கிறேன். நீட் தேர்வை முன்வைத்துப் பாடத்தை முடிக்கச் சொல்லும் நிர்வாகத்திடம், மூன்று நாள் வெங்காயம் முளைக்க விட்டோம் என்று சொல்லிவிட்டு நிற்க முடியாது. அது போகட்டும்; கல்வி ஆய்வு உலகிலேயே இதற்கு எதிர்ப்பு உண்டு. வழிகாட்டுதல் குறைந்த கண்டறிதல் முறைகள் புதிதாகக் கற்பவர்களுக்குப் பயன்படுவதில்லை, அவர்களின் செயல்நினைவு சுமை தாங்காமல் திணறிப்போகிறது என்று கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் மூவரும் 2006-இல் எழுதிய கட்டுரை இன்றும் விவாதிக்கப்படுகிறது. உட்கரு எது, காற்றுக்குமிழ் எது என்று பிரித்தறியத் தெரியாத பிள்ளையிடம் "நீயே கண்டுபிடி" என்று நுண்ணோக்கியைக் கொடுத்தால், கவர் ஸ்லிப்புக்கு அடியில் சிக்கிய காற்றுக்குமிழைத்தான் செல் என்று வரைந்துகொண்டு வரும். என் வகுப்பில் வரைந்திருக்கிறார்கள். கறுப்பு விளிம்போடு மிக அழகாகவே வரைந்திருந்தார்கள்.

மறுமொழி 3: காலிங்கராயன் கரை

சங்ககிரி நண்பரின் காற்றுக்குமிழ் என் மாணவர்களின் பதிவேடுகளிலும் ஆண்டுதோறும் இடம்பெற்றதுதான், மறுப்பதற்கில்லை. நான் சொன்ன முறையில் பிள்ளையைக் கைவிட்டுவிடும் இடம் எதுவும் இல்லை. எதை எண்ண வேண்டும், ஒவ்வொரு நிலையும் எப்படி இருக்கும் என்பதற்கு ஐந்து படங்கள் கொண்ட ஓர் ஒற்றைத் தாளை முன்கூட்டியே கையில் கொடுத்துவிடுவேன். காற்றுக்குமிழின் படமும் அதில் உண்டு. விடையை மட்டும் கொடுப்பதில்லை. நேரம் போதாதவர்களுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. எட்டிமடை அமிர்தா பல்கலைக்கழகமும் மும்பை சி-டாக் நிறுவனமும் சேர்ந்து உருவாக்கிய இணையவழி ஆய்வகத்தில் வெங்காய வேர் நுனிச் சோதனை இருக்கிறது. ஸ்லைடு செய்யும் படிகளை அங்கே ஒரு முறை பார்த்துவிட்டு வந்தால் செய்முறை வகுப்பில் பாதி நேரம் மிச்சம். ஆனால் அதை மட்டுமே பார்த்துவிட்டு வந்த பிள்ளைக்கு ஒற்றுத்தாளின் மேல் எவ்வளவு விசையோடு தட்ட வேண்டும் என்று தெரியாது.

மறுமொழி 4: நொய்யல் நூல்

நான் ஆசிரியன் அல்லன். திருப்பூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையின் தரக்கட்டுப்பாட்டுக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். என் மகள் பதினோராம் வகுப்பு படிப்பதால் இந்த இழையைப் படித்தேன். செல் என்றால் கண்ணுக்குத் தெரியாதது என்று அவள் ஒருநாள் மனப்பாடமாக ஒப்பித்துக்கொண்டிருந்தபோது, மேசைமேல் இருந்த பஞ்சிலிருந்து ஓர் இழையை இழுத்து அவள் உள்ளங்கையில் வைத்து, "இது எத்தனை செல்?" என்று கேட்டேன். ஆயிரம் என்றாள், லட்சம் என்றாள். ஒன்றே ஒன்று. பருத்தி விதையின் மேல்தோலில் உள்ள ஒரு செல் மட்டும் நீண்டு நீண்டு மூன்று சென்டிமீட்டர் அளவுக்கு வளர்ந்து நிற்பதுதான் நாம் நூற்கும் இழை. கோவையில் உருவாக்கி 1974-இல் வெளியிட்ட சுவின் பருத்தியில் அந்த ஒரே செல் 35 மில்லிமீட்டரையும் தாண்டும். அகலமோ இருபது மைக்ரான் அளவுதான்.

இதைச் சொல்ல வந்ததற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் கூடத்தில் மைக்ரோனேர் என்று ஓர் அளவை நாள்தோறும் எடுக்கிறோம். குறிப்பிட்ட எடைப் பஞ்சை அடைத்து அதனூடே காற்றைச் செலுத்தி, எவ்வளவு எளிதாகக் காற்று போகிறது என்று பார்ப்பது அது. இழையின் மென்மையும் முதிர்ச்சியும் சேர்ந்து அந்த எண்ணைத் தீர்மானிக்கின்றன. முதிர்ச்சி என்று நாங்கள் சொல்வது உங்கள் பாடப்புத்தகத்தில் செல் சுவரின் தடிப்பு. காய் வெடிப்பதற்கு முந்தைய வாரங்களில் சுவரின் உட்புறத்தில் செல்லுலோஸ் அடுக்கடுக்காகப் படிய வேண்டும். நோயோ வறட்சியோ வந்து அது படியாமல் போனால் இழை சப்பையாகி, இயந்திரத்தில் சிக்கு முடிச்சாகத் திரண்டு, சாயப்பட்டறையில் நிறம் ஏற்காமல் வெள்ளைப் புள்ளியாகத் துணியில் நிற்கும். அதைத்தான் செத்த பஞ்சு என்கிறோம். உண்மையில் நல்ல பஞ்சும் செத்த செல்தான். சுவர் கட்டி முடித்துவிட்டுச் செத்தது, கட்டாமலே செத்தது என்பதுதான் வேறுபாடு என்று மகளிடம் சொன்னேன்.

முதிர்ச்சியைக் கண்ணால் பார்க்கவும் ஒரு பழைய முறை உண்டு. 18 விழுக்காடு காஸ்டிக் சோடாக் கரைசலில் இழைகளை ஊற வைத்தால் சுவர் உப்பும். தடித்த சுவருள்ள இழை நடுக்குழி மறையும் அளவுக்கு உருண்டையாகும், முதிராதது முறுக்கிய நாடாவாகவே கிடக்கும். கைபட்டால் தோலைப் பதம் பார்க்கும் கரைசல் என்பதால் பள்ளியில் ஆசிரியரே முன்கூட்டிச் செய்து காட்டுவது நல்லது. வெறும் நீரில் வைத்துப் பார்த்தாலே முறுக்கு நன்றாகத் தெரியும், அதற்கு எந்த வேதிப்பொருளும் தேவையில்லை. பருத்தி பறிக்கவும் பனியன் கம்பெனிக்குத் தைக்கவும் போகிற வீட்டுப் பிள்ளைகள் உங்கள் வகுப்பிலும் இருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

மறுமொழி 5: ஆழியாறு

பஞ்சைச் சொன்ன பிறகு பொள்ளாச்சிக்காரர்கள் தேங்காயைச் சொல்லாமல் இருக்க முடியாது. இளநீர் ஒரு செல்லா, பல செல்லா என்று வகுப்பில் கேட்டுப் பாருங்கள். தென்னையின் கருவூண் திசுவில் முதலில் உட்கருக்கள் மட்டும் பிரிந்துகொண்டே போகின்றன. இடையில் சுவர் எழுவதில்லை. நீரில் உட்கருக்கள் மிதக்கும் அந்த நிலைதான் இளநீர். பிறகு ஓட்டின் உட்புறத்தையொட்டிச் சுவர்கள் எழும்பத் தொடங்கும்போது வழுக்கை கட்டுகிறது; அது முற்றினால் பருப்பு. மூன்றையும் நம் தோப்பில் ஒரே மரத்தில் வெவ்வேறு குலைகளில் பார்க்கலாம். உட்கரு ஒன்று, சுற்றிச் சவ்வு ஒன்று என்று ஷ்லைடனும் ஷ்வானும் 1838, 1839 காலத்திலிருந்து நமக்குப் பழக்கிய செல் என்ற எண்ணம் இளநீரில் அப்படியே பொருந்துவதில்லை. என் மாணவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து ஒரு பாடவேளை முழுவதும் வாதாடினார்கள். நான் தீர்ப்புச் சொல்லவில்லை. இளநீரைத் திசு வளர்ப்பு ஊடகத்தில் சேர்த்தால் செல்கள் விரைந்து பிரியும் என்று 1940-களிலேயே கண்டறிந்திருக்கிறார்கள் என்பதை மட்டும் கடைசியில் சொன்னேன். உடனே, "அப்ப அதுக்குள்ள என்னமோ இருக்குதுங்க" என்றான் ஒருவன். செல் பகுப்பைத் தூண்டும் சைட்டோகைனின் என்ற தாவர ஹார்மோனின் பாடத்தை அங்கிருந்து தொடங்கினேன்.

தடப்பள்ளி வாய்க்கால்

விடை எழுதிய எல்லோருக்கும் நன்றி. இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். 38 பேரை ஆறு குழுக்களாகப் பிரித்தேன். நான்கு குழுக்கள் நுண்ணோக்கியில் எண்ணும் நேரத்தில், மற்ற இரண்டு குழுக்கள் முற்றத்தில் ஓர் அளவுப் பணியைச் செய்தன. இருபது மைக்ரான் அளவுள்ள ஒரு விலங்கு செல்லைப் பத்து லட்சம் மடங்கு பெரிதாக்கினால் 20 மீட்டர். அதைச் சுண்ணாம்பால் வட்டமாகப் போட்டார்கள். அதற்குள் உட்கரு ஓர் அறை அளவுக்கு 6 மீட்டர், மைட்டோகாண்ட்ரியா ஒரு மீட்டர் தடிமனில் ஒரு சாக்குமூட்டைபோல, ரைபோசோம் ஒரு நெல்லிக்காய், செல் சவ்வு விரலை விட மெலிதாக எட்டு மில்லிமீட்டர், நீர் மூலக்கூறு மெல்லிய ரவைப் பொடியை விடச் சிறியது. காணொளிகளில் ஒரு புரத மோட்டார், பொதியைச் சுமந்துகொண்டு குழல்மேல் நடந்து போவதைக் காட்டுவார்களே, கைனசின் என்ற அதன் ஒரு அடி எட்டு நானோமீட்டர். எங்கள் முற்றத்தில் அதுவும் எட்டு மில்லிமீட்டர்தான். ரவைப் பொடி எட்டுத் திக்கிலிருந்தும் இடைவிடாமல் வந்து மோதிக்கொண்டிருக்கும்போது அது எப்படி அவ்வளவு நிதானமாக நடக்கும் என்று ஒரு மாணவன் கேட்டான். காணொளியில் நீரையும் மற்ற புரதங்களையும் அழித்துவிட்டுக் காட்டுகிறார்கள் என்று நான் சொல்வதற்குள் இன்னொருவனே அதைச் சொல்லிவிட்டான்.

நொய்யல் நூல் ஐயா சொன்ன பருத்தி இழையையும் அதே அளவில் கணக்கிட்டோம். 35 மில்லிமீட்டர் இழை 35 கிலோமீட்டர் ஆகிறது. எங்கள் பள்ளி முற்றத்தில் தொடங்கினால் ஏறத்தாழ ஈரோடு வரைக்கும் ஒரே செல் போய்ச் சேரும். தினமும் ஈரோடு பேருந்தில் வரும் இரண்டு பிள்ளைகளுக்கு அது நன்றாகப் பிடித்துவிட்டது.

எண்ணிக்கையில் சிக்கல் இல்லாமல் இல்லை. ஒரு குழு 100 செல்களில் 90-க்கு மேல் இடைக்கால நிலை என்று கொண்டுவந்தது. இன்னொரு குழு 100-க்கு 100 அதுவே என்றது. வேர் நுனிக்குப் பதிலாக, அதற்கு மேலே நீட்சி மட்டும் நடக்கும் பகுதியை வெட்டி வைத்திருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. அதைத் தவறு என்று ஒதுக்காமல் இரண்டு ஸ்லைடுகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கச் சொன்னேன். செல்கள் பிரிந்துகொண்டே இருக்கும் ஆக்குத்திசு வேரில் எங்கே இருக்கிறது என்பதற்குத் தனியாக ஒரு பாடவேளை எடுக்க வேண்டியிருக்கவில்லை. சங்ககிரி நண்பர் எச்சரித்த காற்றுக்குமிழ் ஒரே ஒரு நோட்டில் வந்தது.

இப்போது எனக்கு வந்திருக்கும் புதிய சிக்கல் வேறு. நுண்ணோக்கி கெட்டுப்போய்விட்டதா என்று கேட்ட அதே மாணவி, "வேரு ராத்திரியில அதிகமா பிரியுமுங்களா, பகல்லீங்களா?" என்று கேட்டுவிட்டு, தானே வீட்டில் இரவு பத்து மணிக்கு வேர் நுனிகளை வெட்டி எடுத்து வருவதாகச் சொல்கிறாள். அசிட்டிக் அமிலமும் ஆல்கஹாலும் கலந்த கரைசலைப் பிள்ளையிடம் கொடுத்தனுப்ப எனக்கு மனமில்லை. வேறு வழி ஏதேனும் உண்டா?

காலிங்கராயன் கரை

கொடுத்தனுப்ப வேண்டாம். வெட்டிய நுனியைக் கரைசலில் போடாமல் காலைவரை வைத்திருந்தாலும் பயனில்லை. அதற்குள் செல்கள் இரவில் இருந்த நிலையிலிருந்து மாறிவிடும். பள்ளிக்குப் பக்கத்தில் விடுதி இருந்து, அங்கே காப்பாளரோ நீங்களோ இரவு பத்து மணிக்கு நின்று நுனிகளைக் கரைசலில் போட முடிந்தால் அவள் கேள்வியை அப்படியே சோதிக்கலாம். இல்லையென்றால் காலை ஏழு, நண்பகல், மாலை ஐந்து என்று மூன்று வேளை உங்கள் கையாலேயே போட்டு வையுங்கள். ஒரே நாளில், ஒரே குவளை வெங்காயத்திலிருந்து, வேளைக்குக் குறைந்தது ஐந்து நுனிகளாவது எடுக்க வேண்டும். குப்பிகளின்மேல் நேரத்தை எழுதாமல் க, ங, ச என்று மட்டும் குறித்து, எந்தக் குப்பி எந்த வேளைக்குரியது என்பதை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். எண்ணி முடிக்கும்வரை அந்தப் பெண்ணுக்கும் சொல்ல வேண்டாம்.